குக்கர் தகராறு: முதலில் ஆவி எங்கே போகிறது என்று பாருங்கள்

குக்கரில் எது கோளாறானாலும் வீட்டில் முதல் பழி கேஸ்கெட் மேல்தான் விழும். பாதி நேரம் அது நியாயமும்கூட. மீதி நேரம் புது கேஸ்கெட் வாங்கிப் போட்ட பிறகும் அதே கசிவு, அதே வேகாத பருப்பு, அதே புலம்பல். அதனால் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு விஷயத்தைப் பார்த்துவிடுங்கள். உள்ளே உண்டாகிற ஆவி எந்த வழியாக வெளியே போகிறது? அது தெரிந்தால் கோளாறு எங்கே என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஆவி போக வேண்டிய வழி மூடியின் நடுவில் இருக்கும் துவாரம். அதன் மேல் வெயிட் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவைத் தொட்டதும் வெயிட் எழும்பி ஆவியை விடும். அதுதான் விசில். போகக் கூடாத வழி மூடியின் விளிம்பு. அதை அடைத்துப் பிடிப்பதுதான் கேஸ்கெட்டின் வேலை. மூன்றாவது, சேஃப்டி வால்வ். பெரும்பாலும் அது சீக்கிரம் உருகும் உலோகத்தால் ஆன சின்னக் குமிழ். சூடு எல்லை மீறினால் தான் உருகி வழிவிடும். சில வெளிமூடி குக்கர்களில் நான்காவதாக மூடியின் ஓரத்தில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். மற்ற வழியெல்லாம் அடைபட்டால் கேஸ்கெட் அந்த வெட்டு வழியே பிதுங்கி அழுத்தத்தை வெளியேற்றிவிடும். அதை அழகுக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் கம்பி வலையையோ துணியையோ செருகி அடைப்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள்.

விசில் வரவில்லை, மூடியைச் சுற்றி ஆவி கசிகிறது

இது ஆவி விளிம்பு வழியே போகிற கேஸ். கேஸ்கெட்டைக் கழற்றிப் பார்ப்பதற்கு முன், அடுப்பில் இருக்கும்போதே எந்தப் பக்கம் கசிகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் பரவலாகக் கசிந்தால் சந்தேகம் கேஸ்கெட் மேல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் ஊசி போலச் சீறினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது. ஒட்டிக் காய்ந்த சோற்றுப் பருக்கையாக இருக்கலாம், விளிம்பில் ஒரு பள்ளமாகவும் இருக்கலாம்.

அடுப்பை அணைத்து, அழுத்தம் முழுக்க இறங்கியதும் மூடியைத் திறந்து கேஸ்கெட்டை எடுங்கள். மூடியில் அது உட்காரும் பள்ளத்தையும், குக்கரின் வாய் விளிம்பையும் விரல் நுனியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத பருக்கை விரலுக்குத் தெரியும். கழுவித் துடைத்து, கேஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு ஒரு முறை முயன்று பார்க்கலாம். ஒரு பக்கம் அழுந்திப் போயிருந்தால் மறுபக்கம் சில நாள் தாங்கும்.

கேஸ்கெட் போய்விட்டதா என்று பார்க்க அதை மடித்துப் பாருங்கள். நல்ல ரப்பர் வளைந்துவிட்டுப் பழைய வடிவத்துக்கு வந்துவிடும். காலாவதியான ரப்பர் விறைப்பாக நிற்கும், மடித்த இடத்தில் நுணுக்கமாக வெடிப்பு தெரியும். இன்னொரு வகை நேரெதிர். கல்லாகாமல் தொளதொளவென்று நீண்டு போய், மூடியில் போட்டால் ஒரு பக்கம் உப்பி நிற்கும். இரண்டுக்கும் மருந்து புது கேஸ்கெட்தான். தினமும் இரண்டு வேளை குக்கர் ஏறும் வீட்டில் வருஷத்துக்கு ஒன்று மாற்றுவது அதிகச் செலவே இல்லை.

கேஸ்கெட்டை ஃப்ரீஸரில் பத்து நிமிடம் வைத்தால் சரியாகிவிடும் என்பார்கள். கொஞ்சம் சுருங்கும், உண்மைதான். அன்றைய சாம்பார் தப்பிக்கும். அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். கேஸ்கெட்டுக்கு அடியில் நூல் சுற்றுவது, விளிம்பில் கோதுமை மாவு பூசுவது போன்ற வித்தைகளையும் விட்டுவிடுங்கள். கேஸ்கெட் பிதுங்க வேண்டிய நேரத்தில் பிதுங்க முடியாமல் போனால் ஒரு பாதுகாப்பு வழியை நாமே அடைத்தது போல ஆகிவிடும்.

புது கேஸ்கெட் போட்டும் கசிகிறதா? இரண்டு இடம் பாக்கி. ஒன்று கைப்பிடி. வெளிமூடி குக்கரில் மேல் கைப்பிடியும் கீழ்க் கைப்பிடியும் ஒன்றன் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்தால்தான் மூடி இறுகும். ஸ்க்ரூ தளர்ந்து கைப்பிடி ஆடினால் மூடியும் அரை மில்லிமீட்டர் தூக்கலாக நிற்கும், கசியும். ஸ்க்ரூடிரைவரால் இறுக்கினாலே தீர்ந்துவிடும். கைப்பிடியில் வெடிப்பு இருந்தால் இறுக்கிப் பயனில்லை, மாற்றுங்கள்.

இன்னொன்று குக்கரின் வாய். தாளித்துக் கிளறிவிட்டுக் கரண்டியில் ஒட்டியதை உதற, குக்கர் விளிம்பில் டக் டக்கென்று தட்டுகிறோமே, அதுதான் வினை. அலுமினியம் மென்மையான உலோகம். தினமும் ஒரே இடத்தில், வலது கைக்காரர் என்றால் வலது பக்க விளிம்பில், தட்டித் தட்டி அங்கே சின்னச் சின்னப் பள்ளங்கள் விழுந்துவிடும். சமமான கிரானைட் மேடையில் டார்ச்சை எரிய விட்டு, அதன் மேல் குக்கரைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம்தான் ஆவி கசியும் இடம். லேசான நெளிசலைக் குக்கர் சர்வீஸ் கடையில் சரி செய்து தருவார்கள். ஆழமாக இருந்தால் அந்த உடம்பு இனி உதவாது. கரண்டியை உள்ளங்கையில் தட்டுங்கள், அல்லது அதற்கென்று ஒரு சின்னத் தட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விசிலும் இல்லை, கசிவும் இல்லை

நிதானமாகப் படிக்க வேண்டிய இடம் இது. தீ நன்றாக எரிகிறது, வழக்கமாக விசில் வரும் நேரத்தைத் தாண்டி நெடு நேரம் ஆகிவிட்டது, குக்கர் சத்தமில்லாமல் இருக்கிறது. ஆவி எங்கே?

ஒன்று, ஆவியே உண்டாகவில்லை. தண்ணீர் ஊற்ற மறந்திருக்கலாம், அல்லது இருந்த தண்ணீர் எல்லாம் போய்விட்டிருக்கலாம். கருகல் வாசம் கிளம்பினால் இதுதான். அடுப்பை உடனே அணைத்துவிட்டு அப்படியே ஆற விடுங்கள். காய்ந்து கொதிக்கிற குக்கரைத் தூக்கிக் குழாயடியில் காட்டக் கூடாது. அடி உப்பிக்கொள்ளும்.

இரண்டாவது, ஆவி உண்டாகிறது, ஆனால் போக வழியில்லை. துவாரம் அடைத்திருக்கிறது. பயப்பட வேண்டியது இதற்குத்தான். அடுப்பை அணையுங்கள். குக்கரை நகர்த்தாதீர்கள், வெயிட்டை நெம்பாதீர்கள், மூடிக் கைப்பிடியில் கை வைக்காதீர்கள். அரை மணி நேரம், பெரிய குக்கர் என்றால் இன்னும் கூடுதலாக, சும்மா விட்டுவிடுங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் ஒரு விஷயம் இருக்கிறது. வெயிட்டைக் கரண்டிக் காம்பால் லேசாகத் தூக்கிப் பார்த்து, ஆவி வராவிட்டால் அழுத்தம் இறங்கிவிட்டது என்று முடிவு செய்வது நம் வழக்கம். துவாரம் திறந்திருக்கும் வரை அந்தச் சோதனை சரி. துவாரமே அடைத்திருந்தால் வெயிட்டைக் கழற்றி வீசினாலும் ஆவி வராது, உள்ளே மட்டும் முழு அழுத்தம் இருக்கும். அந்த நேரத்தில் மூடியைத் திருகினால் உள்ளே இருப்பதெல்லாம் முகத்தில் அடிக்கும். மூடி வழக்கமாகத் திரும்புகிற அளவுக்கு லேசாகத் திரும்பவில்லை என்றால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது என்று அர்த்தம். பலம் காட்டாதீர்கள்.

துவாரத்தை அடைப்பது பெரும்பாலும் மெல்லிய, லேசான பொருள்கள்தான். பருப்போடு சேர்த்துப் போடும் தக்காளியின் தோல் முதல் குற்றவாளி. கொதியில் தோல் தனியாகக் கழன்று, நுரையோடு மேலே வந்து, மூடியின் உட்புறம் துவாரத்தில் ஒட்டிக்கொள்ளும். கறிவேப்பிலை, மிளகாய் விதை, கீரை இலை எல்லாம் இதே ஜாதி. ஜவ்வரிசி, ஓட்ஸ், சேமியா போன்றவை நுரைத்துப் பசையாகி ஏறும். அவற்றைத் திறந்த பாத்திரத்தில் வேக வைப்பதே உத்தமம்.

தடுப்பது சுலபம். ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் மூடியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துத் துவாரம் வழியே பாருங்கள். வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் மெல்லிய கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தி, குழாய்த் தண்ணீர் பாய விடுங்கள். அப்புறம், வெயிட்டை முதலிலேயே போடாமல், மூடி போட்டுத் துவாரம் வழியே ஆவி தொடர்ச்சியாகச் சீறி வந்த பிறகு போடும் பழைய பழக்கம் இருக்கிறதே, அதில் இரட்டை லாபம். வழி திறந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிடுகிறோம். கூடவே உள்ளே இருந்த காற்றும் வெளியேறிவிடுகிறது. காற்று கலந்திருந்தால் அதே அழுத்தத்திலும் சூடு குறைவாகத்தான் இருக்கும். சில கம்பெனி குக்கர்களில் வெயிட்டை முதலிலிருந்தே போடச் சொல்வார்கள். அங்கே அந்தக் கம்பெனிப் புத்தகம் சொல்கிறபடி செய்யுங்கள். வெளிச்சத்தில் பார்ப்பதை மட்டும் எதற்கும் விடாதீர்கள்.

மூன்றாவதாக ஒரு சாதுவான காரணமும் உண்டு. முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்துவிட்டீர்கள், அதன் பிறகு விசிலே வரவில்லை. இது கோளாறே அல்ல. வெயிட் தூக்கும் அளவுக்குச் சற்றே கீழே அழுத்தம் நிற்கிறது, வேக்காடு நடந்துகொண்டுதான் இருக்கிறது. காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய உஸ்ஸென்ற சத்தம் கேட்கும்.

விசிலோடு மஞ்சள் தண்ணீர் பீய்ச்சுகிறது

அடுப்பு மேடை, டைல்ஸ், சில நேரம் கூரை வரைக்கும் பருப்புத் தண்ணீர். பழி மறுபடியும் கேஸ்கெட்டுக்கு. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆவி சரியான வழியில்தான் போகிறது. வழியில் நுரையையும் இழுத்துக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

பருப்பும் அரிசியும் கொதிக்கும்போது நுரைக்கும். நுரைக்க இடம் வேண்டும். காய்கறி, கிழங்கு என்றால் குக்கரில் மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். பருப்பு, அரிசி என்றால் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் வேண்டாம். மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தினால் இன்னும் நல்லது. 3 லிட்டர் குக்கர் என்றால் 3 லிட்டர் சமைக்கலாம் என்று அர்த்தமில்லை. அது விளிம்பு வரைக்கும் உள்ள கணக்கு.

அளவு சரியாக இருந்தும் பீய்ச்சினால் தீயைப் பாருங்கள். பெரிய பர்னரில் முழுத் தீயில் வைத்துவிட்டு மூன்று நான்கு விசில் விடுவதுதான் இந்த அலங்கோலத்துக்குக் காரணம். முதல் விசில் வரும் சமயத்தில் தீயைக் குறைத்துவிட்டால் கொதி அடங்கி நுரையும் அடங்கும். பருப்பை நன்றாகக் கழுவி, அரை மணி ஊற வைத்து, ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் நுரை இன்னும் தணியும்.

எனக்குப் பிடித்த தீர்வு, பருப்பை நேராகக் குக்கரில் போடாமல் பாத்திரத்தில் வைத்து வேக விடுவது. குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதில் அடித்தட்டு, அதன் மேல் பருப்புப் பாத்திரம், அதன் மேல் அரிசிப் பாத்திரம், எல்லாவற்றுக்கும் மேல் ஒரு மூடித் தட்டு. நுரைத்தாலும் பாத்திரத்துக்குள்ளேயே வழிந்து அடியில் விழும், துவாரத்துக்குப் போகாது. நேரம் கொஞ்சம் கூடுதலாகும். மேடையைத் துடைக்கும் நேரத்தைக் கழித்துப் பார்த்தால் லாபம்தான்.

ஒரு முறை பீய்ச்சிவிட்டால் வெயிட்டைக் கட்டாயம் கழுவுங்கள். மேலே துடைத்தால் போதாது. கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் உள்ளே ஒரு குழி தெரியும். அந்தக் குழியின் ஓரத்தில் பருப்பு மாவு காய்ந்து பழுப்பாக ஒட்டியிருக்கும். வெந்நீரில் ஊற வைத்து பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் வந்துவிடும். இதை விட்டால் அடுத்த கோளாறு வரும்.

விசில் முழுசாக வராமல் உஸ்ஸென்று ஆவி போய்க்கொண்டே இருக்கிறது

வெயிட் சரியாக உட்காரவில்லை. ஒட்டிய பருப்பு மாவு காரணமாக இருக்கலாம், துவாரக் குழாய் லேசாக வளைந்திருக்கலாம். வெயிட்டைச் சுத்தம் செய்தும் தீராவிட்டால் குழாய் மூடியில் இறுக்கமாக இருக்கிறதா, ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் உட்பக்கம் உள்ள நட்டை இறுக்கலாம், அல்லது கடையில் கொடுத்து மாற்றலாம்.

வீட்டில் இரண்டு குக்கர் இருந்தால் வெயிட் மாறிப் போயிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒரு கம்பெனி வெயிட் இன்னொன்றின் குழாயில் உட்கார்ந்துவிடும். ஆனால் கனமும் உள்குழியும் வேறு. லேசான வெயிட் போட்டால் பருப்பு வேகாது. கனமானது போட்டால் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறும். வெயிட்டில் பெயின்ட்டால் ஒரு புள்ளி, மூடியிலும் அதே நிறத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் பாத்திரம் தேய்ப்பவர் யாராக இருந்தாலும் குழப்பம் வராது.

வெயிட்டுக்கு ஒரு சின்ன வரலாறு உண்டு. 1679-இல் டெனி பப்பான் என்ற பிரெஞ்சுக்காரர் லண்டனில், எலும்பைக்கூட மெத்தென்று வேக வைக்கும் இறுக்கமான ஆவிப்பானை ஒன்றைச் செய்தார். அது வெடிக்காமல் இருக்க எடை வைத்து மூடும் வால்வைச் சேர்த்ததும் அவர்தான். நம் வீட்டு வெயிட் அதன் கொள்ளுப்பேத்தி.

நாலு விசில் விட்டும் பருப்பு வேகவில்லை

நாலு விசில் என்பது ஒரு அளவே இல்லை. சமையல் குறிப்பில் "3 விசில் விடவும்" என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்கு நெடுநாள் வருத்தம். பெரிய பர்னரில் முழுத் தீயில் மூன்று விசில் மூன்றே நிமிடத்தில் வந்துவிடும். சின்ன பர்னரில் மிதமான தீயில் அதே மூன்று விசிலுக்குக் கால் மணி நேரம் ஆகும். இரண்டிலும் விசில் மூன்றுதான், வேக்காடு ஒன்றா? விசில் சொல்வது ஒரே ஒரு செய்தி: உள்ளே முழு அழுத்தம் வந்துவிட்டது. அப்போது உள்ளே ஏறக்குறைய 120 டிகிரி சூடு. அங்கிருந்து கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

முதல் விசில், உடனே சிம், பிறகு நிமிடக் கணக்கு. அரை மணி ஊறிய துவரம்பருப்பை நேராகக் குக்கரில் போட்டால் ஏழெட்டு நிமிடம். பாத்திரத்தில் வைத்தால் பத்துப் பன்னிரண்டு. இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலைக்குக் கால் மணிக்கு மேல். பிறகு அடுப்பை அணைத்து, ஆவி தானாக அடங்கும் வரை விட வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் வேக்காட்டில் சேர்த்திதான். உங்கள் அடுப்புக்கும் குக்கருக்கும் ஏற்ப ஒன்றிரண்டு நிமிடம் கூட்டிக் குறைத்து ஒரு கணக்கு பிடித்துவிட்டால் அப்புறம் அது மாறாது. சிலிண்டரும் கூடுதல் நாள் வரும்.

நிமிடக் கணக்கு சரியாக இருந்தும் வேகவில்லையா? அப்படியானால் கோளாறு குக்கரில் இல்லை. போர் தண்ணீராக இருக்கலாம். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீரில் பருப்பின் தோலும் சதையும் இறுகிக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்தாலும் விதை விதையாக நிற்கும். பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை எடுத்து ஒரு நாள் வேக வைத்துப் பாருங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும். புளியும் அப்படித்தான். பருப்பு குழைந்த பிறகுதான் புளிக்கரைசல் சேர வேண்டும். முதலிலேயே சேர்த்தால் புளிப்பு வேக்காட்டைத் தடுக்கும். நிறையத் தக்காளி சேர்த்தாலும் ஓரளவு இதே கதை. இது எதுவும் இல்லையென்றால் பருப்பு பழசு. ரேக்கில் வருஷக்கணக்கில் கிடந்த கொண்டைக்கடலை ஊறினாலும் வேகாது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் வேகும். ஆனால் கூடினால் சோப்பு வாடை வரும், பி வைட்டமினும் குறையும்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கருக்குள்ளும் 116 டிகிரி பக்கம்தான் போகும், ஏனென்றால் வெயிட் கூட்டுகிற அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல்தான் ஏறுகிறது, அங்கே வெளிக்காற்றே லேசு. மதுரையில் பழகிய நிமிடக் கணக்கோடு மலைக்குப் போனால் பருப்பு அரைவேக்காடாகத்தான் இருக்கும். சில நிமிடம் கூட்டுங்கள்.

சாதம் மேலே களி, கீழே குருணை

பாத்திரத்தில் வைக்கும்போது மேலே தட்டு போட மறந்தால் மூடியில் குளிர்ந்த நீர்த்துளிகள் சாதத்தின் மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். தட்டைப் போடுங்கள், தீர்ந்தது. முழுசாகக் குழைந்தால் தண்ணீர் அதிகம். பச்சரிசிக்கு ஒன்றுக்கு இரண்டரை, புழுங்கலுக்கு மூன்று என்று தொடங்கி உங்கள் அரிசிக்கு ஏற்ப மாற்றுங்கள். புது அரிசி தண்ணீர் குறைவாகக் கேட்கும், பழைய அரிசி கூடுதலாகக் குடிக்கும்.

சேஃப்டி வால்வ் வழியே ஆவி வந்துவிட்டது

டப்பென்ற சத்தம், அப்புறம் பெரிய சீறல். பயமாக இருக்கும். ஆனால் குக்கர் தன் கடமையைச் செய்திருக்கிறது. அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

வால்வ் சும்மா போகாது. தண்ணீர் வற்றிக் காய்ந்திருக்க வேண்டும், அல்லது துவாரம் அடைத்திருக்க வேண்டும். எதனால் என்று கண்டுபிடிக்காமல் புது வால்வ் போட்டால் அதுவும் போகும். உள்ளே கருகியிருந்தால் முதல் காரணம், தண்ணீர் நிறைய இருந்தால் இரண்டாவது. காய்ந்து போனதற்குப் பின்னால் பெரும்பாலும் கேஸ்கெட் கசிவு இருக்கும். ஆவி ஓரத்தில் போய்க்கொண்டே இருக்க, விசில் வரட்டும் என்று நாம் காத்திருக்க, தண்ணீர் முழுக்கத் தீர்ந்துவிடுகிறது.

வால்வ் விலை அதிகமில்லை. அதே கம்பெனி, அதே மாடலுக்கு உரியதை மட்டும் வாங்குங்கள். கடைக்குப் போகும்போது பெயர் சொல்லிக் கேட்காமல் மூடியையே பையில் போட்டு எடுத்துப் போங்கள். கேஸ்கெட்டுக்கும் இதுவே வழி. அந்த ஓட்டையில் போல்ட் போட்டு இறுக்குவது, எம்சீல் வைத்து அடைப்பது, ஈயம் பற்ற வைப்பது எல்லாம் வீட்டுக்குள் வெடி வைப்பதுதான். உருக வேண்டியதை உருகாததாக மாற்றிவிட்டால் அடுத்து உருகுவதற்கு எதுவும் பாக்கியில்லை.

மூடி திறக்கவில்லை

ஆவி இருக்கும்போது திறக்காமல் இருப்பது நல்ல குணம். வெயிட்டை லேசாகத் தூக்கிப் பாருங்கள். ஆவி சீறினால் இன்னும் காத்திருங்கள். சீறலே இல்லாமல் உள்நோக்கிக் காற்று இழுக்கும் சின்ன சத்தம் கேட்டால் விஷயம் வேறு. குக்கர் முழுக்க ஆறி, உள்ளே ஆவி நீராகச் சுருங்கி, வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்திருக்கிறது. இரவு வைத்ததைக் காலையில் திறக்கும்போது இது சகஜம். வெயிட்டைக் கழற்றினால் காற்று உள்ளே போய், மூடி தானாக விட்டுவிடும். அப்போதும் ஒட்டிக்கொண்டிருந்தால் வெயிட் இல்லாமலே சிம்மில் ஒரு நிமிடம் சூடு காட்டுங்கள்.

அவசரத்துக்குக் குழாயடியில் காட்டி இறக்குவது காய்கறிக்குச் சரி. தண்ணீர் மூடியின் ஓரத்தில் விழட்டும், துவாரத்தின் மேல் விழ வேண்டாம். பருப்பு, சாதம், கஞ்சிக்கு இந்த அவசரம் ஆகாது. திறந்ததும் மறுபடி பொங்கிக் கையில் கொட்டும்.

உட்புறம் கறுத்துவிட்டது

அலுமினியத்தில் தண்ணீரின் உப்பால் வருகிற கறுப்பு. ஆபத்தில்லை, பார்க்கத்தான் அசிங்கம். பாத்திரம் வைத்து வேக விடும்போது அடித்தண்ணீரில் பிழிந்த எலுமிச்சைத் தோலோ சுண்டைக்காய் அளவு புளியோ போட்டால் வராது. வந்துவிட்டால் அதையே போட்டுத் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள்.

இதற்கு மேல் பழுது பார்ப்பதில் அர்த்தமில்லை என்றால்

அடி உப்பி மேடையில் தட்டாமாலை சுற்றுகிற குக்கரையும், வாய் நெளிந்ததையும், கைப்பிடி தாங்கும் இடத்தில் கீறல் விட்டதையும் எடைக்குப் போட்டுவிடுங்கள்.

புதிதாக வாங்கும்போது முதலில் நீங்கள் சமைக்கும் முறையை யோசியுங்கள். பருப்பு, சாதம், காய் எல்லாவற்றையும் அடுக்காக வைப்பவருக்கு வெளிமூடி குக்கர்தான் தோது. வாய் அகலமாக இருக்கும், பாத்திரம் தடையில்லாமல் இறங்கும். உள்மூடி குக்கரில் மூடி உள்ளிருந்து மேல்நோக்கி அழுந்துவதால் அழுத்தம் இருக்கும்போது திறக்கவே முடியாது. பாதுகாப்பில் ஒரு படி மேல். ஆனால் வாய் குறுகல். நேராகக் கறி, குருமா, பிரியாணி செய்பவருக்கு அது பொருந்தும். இரண்டு பேருக்கு 3 லிட்டர், நான்கு பேருக்கு 5 லிட்டர். மாதத்துக்கு ஒரு நாள் விருந்தாளி வருவார்கள் என்று 10 லிட்டர் வாங்கி, தினமும் அதில் ஒரு ஆழாக்கு பருப்பு வேக வைப்பது கேஸுக்குக் கேடு.

அலுமினியம் சீக்கிரம் சூடேறும், சூடு சீராகப் பரவும், விலையும் குறைவு. புளிக்குழம்பு, தக்காளித் தொக்கு என்று புளிப்பானதை நேராகக் குக்கரில் செய்பவர் ஸ்டீல் வாங்குவது நல்லது. ஸ்டீல் என்றால் அடி மூன்றடுக்காக, கனமாக இருக்க வேண்டும். மெல்லிய ஸ்டீல் நிச்சயம் அடிப்பிடிக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் சாதா அலுமினியம் சூடே ஆகாது. கையில் ஒரு காந்தத்தோடு கடைக்குப் போங்கள். அடியில் ஒட்டினால் வாங்கலாம்.

ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் வீட்டு குக்கருக்கு இந்தத் தரம் சட்டப்படி கட்டாயம். ஆன்லைனில் மலிவாகக் கிடைத்தாலும் இது இல்லாததைத் தொடாதீர்கள். வாங்கி வந்த அன்றே அரிசி பருப்பு போடாமல் கால் குக்கர் தண்ணீர் மட்டும் ஊற்றி அடுப்பில் ஏற்றுங்கள். ஓரத்தில் எங்கும் கசியாமல் விசில் வந்தால் சரி. கசிந்தால் கழுவித் துடைத்து, பில்லோடு அட்டைப்பெட்டியில் வைத்து மறுநாளே கடைக்குக் கொண்டுபோங்கள். மசாலா வாசம் ஏறிய குக்கரை எந்தக் கடைக்காரரும் திரும்ப வாங்க மாட்டார்.